குண்டுக்குக் குலம் ஏது?

இரும்புக் குண்டு ஒன்று, எடை 7.26 கிலோ. அதைக் கழுத்தோரம் தாங்கி, ஏழடி விட்டமுள்ள வட்டத்துக்குள் நின்று, தோள்வலிமை கொண்டு முன்னே தள்ளவேண்டும். வட்டத்தைவிட்டுக் கால் வெளியே சென்றால் அந்த எறி செல்லாது. குண்டு மண்ணைத் தொட்ட இடம்வரை நாடா பிடித்து அளப்பர். யாருடைய குண்டு அதிகத் தொலைவு சென்றதோ அவரே வென்றவர். குண்டு எறிதல் என்னும் போட்டிக்கு இலக்கணம் இவ்வளவே. எறிபவனின் பாட்டன் யார், பாட்டனுக்குப் பாட்டன் யார், அவன் எந்தக் கோயிலில் கும்பிடுபவன் என்று குண்டு கேட்பதில்லை, நாடாவும் கேட்பதில்லை. மனிதர் வகுத்த மன்றங்கள் பலவற்றுக்கும் வாய்க்காத நேர்மை அந்த நாடாவுக்கு உண்டு!

ஆனால், நாடா கேட்காத கேள்வியை நாடாள்வோர் கேட்டனர்! அப்படிக் கேட்ட ஒரு நாட்டிலே, ஒருநாள் மாலை நடந்த குண்டு எறிதலின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக் கூற விழைகிறோம். வென்றவரின் கதை மட்டுமல்ல இது. அதே விளையாட்டில் புகழ் பெற்றிருந்தும், பிறப்பைக் காரணங்காட்டிக் களத்தைவிட்டே விரட்டப்பட்ட ஒரு பெண்மணியின் கதையும் இதனோடு சேர்ந்தது. இருவர் கதையும் எங்கே போய் முடிந்தன என்பதை அறிந்தால், பிறவிப் பெருமை பேசும் கொள்கை எத்தகைய நஞ்சு என்பதை விளக்கிக் கூற வேறு சான்று தேவைப்படாது.

* * *

1936ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டுகள் தொடங்கி மறுநாள். ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் அமரக்கூடிய மாபெரும் அரங்கம். எங்கு நோக்கினும் சுவஸ்திகக் கொடிகள். சிறப்பு மாடத்தில் அமர்ந்திருந்தவர், ஆட்சிக் கட்டிலேறி மூன்றரை ஆண்டுகளே ஆன அடால்ப் ஹிட்லர்.

அந்நாளைய குண்டு எறிதலில் உலகச் சாதனைக்கு உரியவர் அமெரிக்க வீரர் ஜாக் டாரன்ஸ். 1934ஆம் ஆண்டு ஆஸ்லோ நகரில் 17.40 மீட்டர் எறிந்து உலகையே வியக்கவைத்தவர். மலைபோன்ற உடல், எடை 300 இராத்தலுக்கு மேல். பட்டம் அவருக்கே என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. இந்தப் போட்டியில் அமெரிக்காவுக்கு இருந்த செல்வாக்கும் அப்படிப்பட்டது. 1896 முதல் 1932 வரை நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில், 1920ஆம் ஆண்டு பின்லாந்து வீரர் ஒருவர் வென்றது தவிர, மற்றெல்லா முறையும் குண்டு எறிதலில் முதலிடம் பெற்றவர்கள் அமெரிக்கர்களே.

போட்டி நடந்தது. நாடா அளந்தது. எதிர்பார்ப்புகள் பொய்த்தன! 17.40 மீட்டர் எறிந்த கை, அன்று 15.38 மீட்டருக்கு மேல் எறிய இயலவில்லை. டாரன்ஸ் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தார். முதலிடம் பெற்றவர் ஹான்ஸ் வோல்கே என்னும் 25 வயது ஜெர்மன் காவலர். அவர் எறிந்தது 16.20 மீட்டர், ஒலிம்பிக் வரலாற்றில் அதுவரை எவரும் எட்டாத தொலைவு. பின்லாந்தைச் சேர்ந்த சுலோ பார்லுண்ட் 16.12 மீட்டர் எறிந்து இரண்டாமிடம் பெற்றார். மூன்றாமிடம், 15.66 மீட்டர் எறிந்த மற்றொரு ஜெர்மானியர் கெர்ஹார்ட் ஸ்டோக்குக்கு.

முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே இருந்த தொலைவு 8 சென்டிமீட்டர், நான்கு விரற்கடை! வோல்கே உழைத்தார், பயின்றார், வென்றார். அந்த வெற்றியை நாம் குறைத்துப் பேசவில்லை. குறைத்துப் பேசுவது முறையுமல்ல. விளையாட்டின் அளவில் அது தூய வெற்றி. ஆனால் அந்த நான்கு விரற்கடையின்மீது, பின்னர் எத்தனை பெரிய பொய்க்கோட்டையைக் கட்டினர் என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது.

* * *

ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகிய தடகளப் போட்டிகளில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் ஜெர்மானிய ஆண்மகன் வோல்கே. ஹிட்லர் பூரித்தார். தம் மாடத்துக்கு வரவழைத்துக் கைகுலுக்கினார். அன்றைய தினமே பெண்களுக்கான ஈட்டி எறிதலில் வென்ற ஜெர்மானியப் பெண்மணிக்கும், நெடுந்தொலைவு ஓட்டத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த பின்லாந்து வீரர்களுக்கும் அந்தச் சிறப்புக் கிடைத்தது.

பொழுது சாய்ந்தது. உயரம் தாண்டும் போட்டி முடியும் நேரம். 2.03 மீட்டர் தாண்டி வென்றவர் கார்னீலியஸ் ஜான்சன். அமெரிக்காவின் கறுப்பின வீரர். இரண்டாமிடம் பெற்ற டேவிட் ஆல்பிரிட்டனும் கறுப்பினத்தவரே. வெற்றி மேடையில் அவர்கள் ஏறும் வேளையில் மாடத்தைப் பார்த்தால், ஹிட்லரைக் காணோம்! நேரமாகிவிட்டது, மழை வருகிறது என்றெல்லாம் காரணம் கூறப்பட்டது. காலையில் வராத அவசரம் மாலையில் வந்துவிட்டது! ஒலிம்பிக் குழுவின் தலைவர், வாழ்த்துவதானால் அனைவரையும் வாழ்த்துக, இல்லையேல் ஒருவரையும் வாழ்த்தற்க என்று அறிவுறுத்தினார். ஒருவரையும் பொதுவில் வாழ்த்துவதில்லை என்பதே ஹிட்லர் தேர்ந்துகொண்ட வழி.

ஜெசி ஓவன்சுக்குக் கைகொடுக்க ஹிட்லர் மறுத்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. பகுத்தறிவாளர் எதிரியைப் பற்றிப் பேசும்போதும் உண்மையையே பேசவேண்டும். ஓவன்ஸ் நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்றது மறுநாள், ஆகஸ்டு 3ஆம் நாள். அதற்கு முன்பே வாழ்த்தும் வழக்கம் நின்றுவிட்டது. அவமதிப்புக்கு முதலில் ஆளானவர் கார்னீலியஸ் ஜான்சன். இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும்: நான்கு தங்கப் பதக்கங்களோடு ஊர் திரும்பிய ஓவன்சை, அவர் நாட்டுக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்டும் வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை, வாழ்த்துச் செய்தி ஒன்றுகூட அனுப்பவில்லை. நிறவெறி என்னும் நோய் ஒரு நாட்டுக்கு மட்டும் உரிமையாக இருந்ததில்லை.

* * *

ஆரிய இரத்தத்தின் உயர்வுக்கு அரங்கமே சாட்சி என்பதுதான் நாஜிகள் நிலைநாட்ட விரும்பிய செய்தி. அதை நாம் சற்றே உரசிப் பார்ப்போமா?

இரத்தமே வெற்றி தருவதாக இருந்தால், ஒரு கேள்விக்கு விடை வேண்டும். 1896ஆம் ஆண்டு முதல் 1932 வரை தடகளப் போட்டிகளில் ஒரு ஜெர்மானிய ஆண்மகனும் ஒலிம்பிக் தங்கம் பெறவில்லையே, ஏன்? நாற்பது ஆண்டுகள் அந்த இரத்தம் உறங்கிக்கொண்டா இருந்தது? வட அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் இந்தக் குண்டை இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வென்றார்களே, அப்போது உயர்ந்தது எந்த இரத்தம்? எட்டு சென்டிமீட்டர் குறைந்ததால் பின்லாந்துக்காரரின் இரத்தம் எத்தனை மாற்றுக் குறைந்தது? இரண்டு ஆண்டுகளுக்கு முன் 17.40 எறிந்த டாரன்சின் உடலில் ஓடியது வேறு இரத்தமா? மாறியது இரத்தமா, பயிற்சியா?

விடை எளிது. அரசு பொருள் கொடுத்தது, வீரர்களுக்குப் பயிற்சி பெறும் வாய்ப்புக் கிட்டியது, வெற்றி வந்தது. உணவும் ஓய்வும் ஆசிரியரும் களமும் கிடைத்தால் மனிதன் வளர்வான், எம்மரபில் பிறந்தாலும்! டாரன்சின் உலகச் சாதனை 1948ஆம் ஆண்டு வரை முறியாமல் நின்றது. அதை முறித்தவர் சார்லஸ் பான்வில், 17.68 மீட்டர் எறிந்தார். அவர் அமெரிக்காவின் கறுப்பின மாணவர்! இரத்தக் கணக்கர்கள் இதை எந்த ஏட்டில் எழுதுவார்கள்?

ஆனால் தோழர்களே, இங்கே நாமும் ஒரு வழுக்குப் பாறையில் கால் வைக்கிறோம் என்பதை மறத்தலாகாது. ஓவன்ஸ் வென்றார், ஆகவே ஆரிய உயர்வு பொய் என்று வாதிடுவது சுவையாக இருக்கிறது. அப்படியானால் வோல்கே வென்றார், ஆகவே அது மெய் என்று அவர்கள் கூறினால்? 1936இல் மொத்தக் கணக்கில் மிகுதியான தங்கம் பெற்ற நாடு ஜெர்மனி; 33. அமெரிக்கா பெற்றது 24. பதக்கத் தராசில் நியாயத்தை நிறுத்தால், தட்டு இருபக்கமும் ஆடும். ஓவன்ஸ் ஓட்டத்தில் கடைசியாக வந்திருந்தாலும் அவர் மனிதர். மனிதருக்குரிய மதிப்புக்கு உரியவர். நூறு கறுப்பர் தோற்றாலும் அடிமைத்தனத்துக்கு அது நியாயமாகாது. சமத்துவம், வென்றவர்க்குத் தரும் பரிசு அல்ல. பிறந்தவர் அனைவருக்கும் உள்ள உரிமை. இந்த உண்மையை விளங்கிக்கொள்ளாமல், வெற்றிப் பட்டியலைக் காட்டி மட்டும் வாதாடுகிறவன், எதிரியின் இலக்கணத்தையே ஏற்றுக்கொண்டு அவனோடு மல்லுக்கு நிற்கிறான்.

* * *

அரங்கத்தில் நின்றவரைப் பற்றிக் கூறினோம். நிற்க விடப்படாதவரைப் பற்றி இனிக் கூறுவோம்.

வோல்கே பிறந்தது 1911ஆம் ஆண்டு, கிழக்குப் பிரஷ்யாவில் பிஷப்ஸ்பர்க் என்னும் ஊரில். அதே கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகரான கோனிக்ஸ்பர்க்கில், 1899ஆம் ஆண்டு பிறந்தவர் லில்லி ஹெனோக். ஒரே நிலத்துக் காற்று, ஒரே மொழி, கையில் ஒரே விளையாட்டு. பெர்லினில் குடியேறிய லில்லி, 1920களில் ஜெர்மனியின் பெருமைக்குரிய வீராங்கனையாக விளங்கினார். வட்டு எறிதலில் உலகச் சாதனை. 1925ஆம் ஆண்டு குண்டு எறிதலில் 11.57 மீட்டர் எறிந்து உலகச் சாதனை. தொடர் ஓட்டத்தில் தோழியரோடு சேர்ந்து உலகச் சாதனை. தேசியப் பட்டங்கள் பத்து! தம் சங்கத்தில் இளம் பெண்களுக்குப் பயிற்சியும் அளித்தார். ஜெர்மனிக்குப் புகழ் தேடித்தந்த கைகளில் அவர் கையும் ஒன்று.

1933ஆம் ஆண்டு வந்தது. ஹிட்லர் ஆட்சி வந்தது. விளையாட்டுச் சங்கங்களில் ஆரியர் மட்டுமே இருக்கலாம் என்ற ஆணையும் வந்தது. லில்லி ஹெனோக் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே தம் கையால் புகழ் பெற்ற சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார். அவர் எறிந்த குண்டு முதல் நாள் சென்ற தொலைவைத்தான் மறுநாளும் சென்றது. நாடா மாறவில்லை, தோள் மாறவில்லை. மாறியது, பிறப்பைக் கேட்கும் ஒரு கேள்வி மட்டுமே! யூதர்களின் சங்கம் ஒன்றில் பயிற்சி அளித்தும், யூதச் சிறுவர் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாகப் பணியாற்றியும் அவர் காலங் கழித்தார்.

அவர் மட்டுமா? உயரம் தாண்டுதலில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன் செய்த கிரெட்டல் பெர்க்மான் என்னும் யூத நங்கையை, உலகத்தின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகப் பயிற்சியில் வைத்திருந்தனர். 1936 ஜூலையில் அமெரிக்க அணி கப்பலேறியபின், உம்முடைய திறமை போதாது என்று கடிதம் அனுப்பி விலக்கினர்! விளையாட்டு நடந்த நாட்களில், யூதருக்கு இங்கே இடமில்லை என்னும் பலகைகளைப் பெர்லின் தெருக்களிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தனர். விருந்தினர் போனதும் பலகைகள் மீண்டும் வந்தன. வெட்கம் இருந்தது, திருந்தும் எண்ணம் இல்லை. வெட்கம் வெளியாருக்காக மட்டும்!

1942ஆம் ஆண்டு செப்டம்பரில் லில்லி ஹெனோக்கைத் தாயோடு சேர்த்து இரயிலேற்றி, ரிகா நகர்ப் பக்கம் கொண்டுசென்று கொன்றனர். அப்போது அவருக்கு வயது 42. உலகச் சாதனை புரிந்த வீராங்கனைக்கு நாடு தந்த பரிசு அது. இன்று பெர்லினில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் இடப்பட்டிருக்கிறது. தெருவுக்குப் பெயர் வந்தது, உயிர் வரவில்லை.

* * *

வென்ற வோல்கே என்னவானார்?

தங்கம் பெற்றதும் காவல் துறையில் பதவி உயர்வு வந்தது. விளையாட்டு வீரர், ஆட்சியின் விளம்பரமானார். பின் போர் மூண்டது. ஜெர்மனி கைப்பற்றிய பெலாரஸ் நாட்டில், நாஜிகள் அமைத்த 118ஆம் காவல் படைப்பிரிவில் அவர் அதிகாரியாக இருந்தார். 1943ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், மின்ஸ்க் நகருக்கு வடக்கே ஒரு சாலையில், விடுதலைக்காகப் போராடிய காட்டுப் படையினர் அவர் சென்ற வண்டிகளைத் தாக்கினர். வோல்கே மாண்டார். வயது 32.

அதன்பின் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அருகிலிருந்த சிற்றூரின் பெயர் ஹத்தின், வீடுகள் 26. அன்று மாலையே படையினர் ஊரை வளைத்தனர். கிழவர், பெண்டிர், பிள்ளைகள் அனைவரையும் ஒரு கொட்டகைக்குள் அடைத்தனர். வைக்கோலிட்டு நெருப்பு வைத்தனர். எரியும் கதவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தவர்களைச் சுட்டனர். மாண்டவர் 149 பேர். அவர்களுள் 75 பேர் குழந்தைகள்! குண்டு எறிதல் என்றால் என்ன, ஒலிம்பிக் என்றால் என்ன, பெர்லின் எங்கே இருக்கிறது என்று அறிந்திருப்பார்களா அந்தப் பச்சிளங் குழந்தைகள்?

உயிர் பிழைத்த பெரியவர் ஒருவரே: கொல்லர் தொழில் செய்த யோசிப் காமின்ஸ்கி. நினைவு திரும்பி எழுந்தவர், குவிந்து கிடந்த உடல்களுக்கிடையே தம் மகனைக் கண்டெடுத்தார். மகன் தந்தையின் கையிலேயே உயிர்விட்டான். 1969ஆம் ஆண்டு அங்கே நினைவிடம் எழுப்பப்பட்டது. இறந்த மகனைக் கைகளில் ஏந்தி நிற்கும் அந்தத் தந்தையின் சிலை அங்கே உயர்ந்து நிற்கிறது. எரிந்த 26 வீடுகளின் இடத்தில் புகைக்கூண்டு வடிவில் 26 தூண்கள், அவற்றில் மணிகள், அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும். அந்த நாட்டில் இவ்வாறு மக்களோடு எரிக்கப்பட்ட ஊர்கள் நூற்றுக்கணக்கானவை.

வோல்கே எறிந்த குண்டுதான் ஹத்தினை எரித்தது என்று நாம் கூறவில்லை. ஊர் எரிந்தபோது அவர் உயிரோடும் இல்லை. காட்டுப் படையினரின் தாக்குதல்தான் காரணம் என்று கூறுவதும் சரியாகாது. தாக்கியவரை விட்டுத் தூங்கும் குழந்தையை எரிக்க, சினம் மட்டும் போதாது. அதற்கு ஒரு கொள்கை வேண்டும். இவர்கள் பிறப்பால் தாழ்ந்தவர்கள், மனிதரில் குறைந்தவர்கள், எரித்தாலும் கேட்பாரில்லை என்று ஆண்டாண்டாய் ஓதிய மந்திரம் வேண்டும். லில்லி ஹெனோக்கைச் சங்கத்திலிருந்து நீக்கிய தாளில் எழுதியிருந்ததும் அதே மந்திரந்தான். 1933இல் அது ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் ஒரு கோடு. பத்தாண்டில் அது கொட்டகைக்கு வைத்த நெருப்பு.

இன்னும் ஒரு கொடுமை கேளுங்கள். ஹத்தினை எரித்த அந்த 118ஆம் பிரிவில் பெரும்பாலோர் ஜெர்மானியர் அல்லர், உக்ரேன் நாட்டவர். நாஜிகளின் ஏட்டில் அவர்களும் தாழ்ந்த பிறவிகளே! ஆனாலும் தமக்குக் கீழே மிதிக்க ஒரு கூட்டம் கிடைத்தபோது, மேலே தம்மை மிதிக்கும் காலை மறந்தனர். அப்பிரிவின் அதிகாரிகளுள் ஒருவர் 1986இல் மின்ஸ்க் நகரில் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார், மறு ஆண்டு அது நிறைவேற்றப்பட்டது. அண்ணல் அம்பேத்கர், நம் நாட்டுச் சாதி முறையை, படிப்படியாக அடுக்கப்பட்ட ஏற்றத்தாழ்வு என விளக்கினாரன்றோ! ஒவ்வொரு படியில் நிற்பவனுக்கும் கீழே ஒரு படி இருப்பதால், ஏணியை உடைக்க எவனும் எழுவதில்லை. பெலாரஸ் காட்டிலும் அதே ஏணிதான்!

* * *

ஜெர்மனியில் நடந்ததைக் கேட்டு, காட்டுமிராண்டிகள் என்று தள்ளிவிட்டு நாம் தலைநிமிர்ந்து செல்ல முடியுமா? ஆரியர் என்னும் சொல்லே இந்த நாட்டு வடமொழி ஏட்டிலிருந்து சென்றது. ஒரு மொழிக் குடும்பத்தைக் குறிக்க அறிஞர் எடுத்தாண்ட சொல்லை, இரத்தத்துக்குச் சூட்டியவர்கள் பின்வந்தோர். அது பெரும்பிழை என்று மாக்ஸ் முல்லரே 1888ஆம் ஆண்டில் எச்சரித்தார், கேட்டாரில்லை. அரங்கத்தில் வோல்கே குண்டெறிந்த அதே 1936ஆம் ஆண்டின் நவம்பர் 12ஆம் நாள்தான், திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நுழையலாம் என்ற ஆணையே பிறந்தது. அதுவரை அவர்கள் முன் நின்ற கதவும், பிறப்பைத்தான் கேட்டது!

பிறவியால் உயர்வு பேசும் ஆரியக் கொள்கையை எதிர்ப்பது நமது இயக்கத்தின் உயிர்மூச்சு. அதனாலேயே நமக்கு ஒரு கடமை கூடுதலாக இருக்கிறது. நாம் எதிர்ப்பது பிறவிக் கொள்கையை. எந்தப் பிறவியையும் அன்று. நமது பழம்பெருமையைப் பேசும்போது, எம் இரத்தமே உயர்ந்த இரத்தம் என்று ஒரு சொல் நாவில் வந்தால், அந்த நாவைக் கடித்துக்கொள்ள வேண்டும். அது நாம் எதிர்த்துநிற்கும் கோட்டையின் செங்கல். பக்கத்துத் தெருவில் நமக்குக் கீழே என்று நாமே எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவன் இருப்பானாயின், பெர்லின் மாடத்தைப் பழிக்கும் உரிமை நமக்கு இல்லை.

கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்த இருவரும் ஒரே விளையாட்டை நேசித்தனர். வட்டத்துக்குள் நிற்கும்வரை இருவரும் சமம். வட்டத்துக்கு வெளியே ஒரு கொள்கை காத்திருந்தது. அது ஒருத்தியைப் பிறப்பைச் சொல்லி அழித்தது. ஒருவனைப் பிறப்பைச் சொல்லிப் போற்றி, தன் ஏவலுக்கு ஆளாக்கி, அயல்நாட்டுச் சாலையில் சாகவிட்டது. முகமறியாத ஓர் ஊரைச் சாம்பலாக்கியது.

ஊர்ச் சங்கங்களிலும் பள்ளித் திடல்களிலும் பணியாற்றும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே. உங்கள் திடலில் ஒரு சிறுவன் குண்டை எடுக்க வந்தால், அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று ஒருவர் கேட்பார். கேட்பவர் பெரிய மனிதராகவும் இருக்கலாம். அந்தக் கேள்விக்கு அங்கேயே, அப்போதே, மறுப்புக் கூறுங்கள். அது சிறு கேள்விதானே என்று விட்டுவிடாதீர்கள். பெர்லினிலும் அது அப்படித்தான் தொடங்கியது.